ஊர் கூடிச் செய்த வேலை

(கப்பலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“சிற்றூரின் வரலாறும் வாழ்வும்” என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மதுரைக்கு வரலாறு உண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டியர், சுல்தான்கள், நாயக்கர், கும்பினியார் என்று அடுக்கடுக்காக நூல்கள் இருக்கின்றன. திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் தெற்கே வந்து, திருமங்கலத்தைத் தொடும் முன்பாக இருக்கிற கப்பலூரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்? 1868இல் ஜே. எச். நெல்சன் மதுரை நாட்டைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதினார். 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதினார். இரண்டும் அருமையான நூல்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது வட்டத்தின் கணக்கு, வரியின் கணக்கு, அரசர்களின் வரிசை. மதுரைக்கு மேற்கேயுள்ள பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, வீடு வீடாகப் பழகி, அவர்களின் வாழ்க்கையை விரிவாக எழுதிய முதல் பெரிய நூல் பிரெஞ்சு மொழியில் 1957இல் பாரிஸில் வெளிவந்தது. எழுதியவர் லூயி துய்மோன் என்ற மானுடவியலாளர். நம் பக்கத்து ஊர்க்காரர்களின் மாமன் மச்சான் உறவுமுறையையும் கோயில் கும்பிடும் முறையையும் கடல் தாண்டி வந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நாம் எழுதவில்லை.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர் எவ்வளவு பழையது, எந்த அரசன் கோயில் கட்டினான் என்பதை வைத்து அந்த ஊர் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து செய்தே தீர வேண்டிய ஒரு வேலை ஊரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை இருக்கும் வரை ஊர் இருக்கும். அது நின்றுபோனால் வீடுகள் இருக்கும், தெருக்கள் இருக்கும், ஊர் இருக்காது. நம் வட்டாரத்தின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நிலம். கப்பலூரிலிருந்து திருமங்கலம், கள்ளிக்குடி வரை தெற்கே போகப் போகக் கரிசல் மண் கூடிக்கொண்டே போகும். வைகை நமக்கு வடக்கே ஓடுகிறது. திருமங்கலத்தை ஒட்டி ஓடும் குண்டாறு மழை பெய்தால் ஆறு, இல்லையென்றால் மணல். ஆண்டு முழுவதும் தண்ணீர் தரும் ஆறு நமக்கு எப்போதும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் தை மாதம் வீட்டில் நெல் இருக்கும். அந்த மழையைப் பிடித்து வைக்க நம் முன்னோர் கண்ட வழிதான் கண்மாய்.

கண்மாயின் உறுப்புகளைச் சொன்னால் ஊரின் உறுப்புகளைச் சொன்னது போலத்தான். மழைநீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். தண்ணீர் நிற்கும் இடம் உள்வாய். அதைத் தாங்குவது கரை. வயலுக்குத் திறப்பது மடை. கொள்ளாத தண்ணீர் வழிந்து போவது கலுங்கு. கலுங்கிலிருந்து மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். மதுரை, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இன்றும் கண்மாய்க்குள் மடையின் குமிழித் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றில் மடை அமைத்தவரின் பெயரும் கல்வெட்டாக இருக்கிறது. படை நடத்திய அரசனைப் போலவே மடை செய்து கொடுத்தவனும் கல்லில் பெயர் பெற்றிருக்கிறான். பாண்டிய நாட்டில் அந்த வேலைக்கு இருந்த மதிப்பு அது.

கண்மாயைக் கட்டியவன் அரசனாக இருக்கலாம், ஒரு தலைவனாக இருக்கலாம். காப்பாற்றியது ஊர். கோடையில் தண்ணீர் வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். உள்வாயில் படிந்த வண்டலை அள்ளிக் கரையில் போடுவார்கள், மிச்சத்தை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். கண்மாய் ஆழமாகும், வயல் உரமாகும். மழைக்கு முன்பே வரத்துக்காலைச் செதுக்கி வைக்க வேண்டும். அடைமழை பிடித்துவிட்டால் இரவு முழுக்கக் கரையில் காவல். கரையில் எலிவளை வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கினால் தமுக்கு அடித்து ஊரைக் கூட்டுவார்கள். இன்னாருடைய வயல் என்று யாரும் பார்க்க முடியாது. கரை உடைந்தால் எல்லாருடைய வயலும் போகும். குடிமராமத்து என்ற பெயரை அரசாங்கம் பிற்பாடு ஏடுகளில் எழுதிக்கொண்டது. ஊருக்கு அது ஆண்டுதோறும் செய்கிற வேலை.

தண்ணீரைப் பங்கிடுவது அதைவிடக் கடினம். கண்மாய் நிறைந்த ஆண்டில் எவருக்கும் சண்டை இல்லை. முக்கால் கண்மாய், அரைக் கண்மாய் பெருகிய ஆண்டில்தான் ஊரின் தரம் தெரியும். எந்த மடையை எந்த நாளில் திறப்பது, கடைமடைக்காரனுக்கு எப்போது விடுவது, எத்தனை குறுக்கம் பயிரிடலாம் என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். அந்த முடிவை நடத்திக் காட்டுகிறவர் நீர்பாய்ச்சி. நிலம் வைத்திருக்கிறவர் தன் வயலுக்குத் தானே மடை திறக்கக் கூடாது. நீர்பாய்ச்சி திறந்துவிடுவார், அவரே அடைப்பார். அறுவடையன்று களத்துமேட்டில் நெல் குவிந்ததும், வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் அவருக்குரிய பங்கை அளந்து கொடுக்க வேண்டும். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வேளார் என்று ஊருக்கு உழைத்த எல்லாருக்கும் களத்திலேயே பங்கு உண்டு. அதற்குக் களத்துச் சுதந்திரம் என்று பெயர்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மடையின் மூச்சை அறிந்தவர், நள்ளிரவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மடை திறந்தவர், பெரும்பாலும் நிலமில்லாதவர். பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். எல்லார் வயலுக்கும் நியாயமாகத் தண்ணீர் பகிர்ந்தவருக்கு, ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை இல்லை. சேர்ந்து செய்த வேலை இருந்தது. சேர்ந்து உட்கார்ந்த திண்ணை இல்லை. பழைய ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக சர்க்காருக்கு வரி கட்டத் தொடங்கினார். நிலம் தனித்தனியாகிவிட்டது, கண்மாய் மட்டும் பொதுவாக நின்றது. வரி வாங்குகிறவர்தான் கண்மாயைப் பார்க்க வேண்டும் என்று ஊர் சொன்னது. அது ஊரின் பழைய கடமை என்று சர்க்கார் சொன்னது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வழக்கமான மராமத்துக்கு வராதவரைச் சட்டத்தின் பிடியில் கொண்டுவரப் பார்த்தார்கள். ஊரார் தமக்குள் பேசி முடித்துக்கொண்ட ஒரு வேலையை மேலிருந்து ஆணையிட்டு வாங்கிவிட முடியாது. சட்டம் ஏட்டில் இருந்தது, கண்மாய் தூர்ந்துகொண்டே போனது.

அதற்குள் 1876 வந்துவிட்டது. தாது வருடப் பஞ்சம் என்றால் இன்றும் நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கு மேல் மக்கள் மாண்டார்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தூத்துக்குடிக்கு இரயில் பாதை அப்போதுதான் போட்டு முடித்திருந்தார்கள். பஞ்சத்துக்குப் பின் மேற்குமலையில் அணை எழும்பி, 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்குத் திரும்பியது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரை நாம் நன்றியோடு சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் பெரிதும் வைகைக்கு வடக்கே மேலூர்ச் சீமையை நனைத்தது. தெற்குக் கரிசல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் இங்கே பருத்தி வளர்ந்தது, கம்பும் சோளமும் வளர்ந்தன, பிழைப்புத் தேடி வெளியூர் போகிற வழக்கமும் வளர்ந்தது.

அந்தப் பருத்திதான் கப்பலூரின் அடுத்த அத்தியாயத்தை எழுதியது. மதுரையில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் 1892இல் தொடங்கியிருந்தது. அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கென்று எழுந்த குடியிருப்புதான் நமக்கு வடக்கே திருநகரை அடுத்திருக்கும் ஹார்விபட்டி. 1936இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் தியாகராஜர் மில்லைக் கப்பலூரில் தொடங்கினார். பிற்பாடு பேங்க் ஆஃப் மதுரா, தியாகராஜர் கல்லூரி, தியாகராஜர் பொறியியல் கல்லூரி என்று அவர் நிறுவியவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றுக்கெல்லாம் முன்னால் இந்த ஆலை வந்துவிட்டது.

ஆலை வந்ததும் ஊரின் கடிகாரம் மாறியது. அதுவரை மழையும் மடையும் நாளைப் பிரித்தன. இனி ஆலைச் சங்கு பிரித்தது. அறுவடைக்கு ஒருமுறை களத்தில் அளந்த கூலி, மாதச் சம்பளமானது. மேலத்தெருக்காரரும் கீழத்தெருக்காரரும் ஒரே கதிர் எந்திரத்தின் முன் நின்றார்கள், ஒரே வரிசையில் சம்பளம் வாங்கினார்கள். சாதி அதனால் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிற்சங்கம் என்று கூடும்போதும், போனசுக்காகக் கேட்டில் நிற்கும்போதும், பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்காமல் கை கோக்க வேண்டிய ஒரு நிலை ஏற்பட்டது. கண்மாய் தராத ஒன்றை ஆலை தந்தது என்றால் அதுதான். தியாகராஜர் மில்லிலும் மற்ற ஆலைகளிலும் வேலை பார்த்த முதியவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்கள் நினைவு எங்கும் எழுதப்படாத வரலாறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சேர்ந்து செய்கிற வேலை என்றால் மண் வெட்டுவதும் நூல் நூற்பதும் மட்டுமா? சாமி கும்பிடுவதும் அப்படித்தான். முத்தாலம்மனுக்கோ மந்தையம்மனுக்கோ பொங்கல் சாட்டிவிட்டால் தலைக்கட்டு வரி போட வேண்டும், கணக்கு எழுத வேண்டும், காப்புக் கட்டிய பின் யாரும் ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது. பெண்கள் ஒரு வீட்டில் முளைப்பாரி போட்டு, நாள் தவறாமல் கும்மி கொட்டி வளர்ப்பார்கள். அய்யனாருக்குப் புரவி எடுக்க வேளார் மண் குழைத்துக் குதிரை செய்வார். அந்த அய்யனார் பெரும்பாலும் எங்கே இருக்கிறார்? கண்மாய்க் கரையில் இருக்கிறார். கரையைக் காக்கிற வேலையில் ஊர் தனக்குத் துணையாக ஒரு தெய்வத்தையும் நிறுத்தியிருக்கிறது.

நம் திருமங்கலம் பகுதியில் இதற்கு ஓர் அழகான சான்று வடக்கம்பட்டி. அந்தச் சின்ன ஊரைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1937இல் காரைக்குடியில் ஓர் அசைவ உணவகம் திறந்து, ஊர்ச் சாமியின் பெயரால் முனியாண்டி விலாஸ் என்று பெயர் வைத்தார். அவருக்குப் பின் உறவினர், ஊரார், அண்டை ஊரார் என்று ஒருவர் கைப்பிடித்து ஒருவர் போனார்கள். தமிழ்நாடு முழுவதும், அதற்கு அப்பாலும் முனியாண்டி விலாஸ்கள் எழுந்தன. வானம் பார்த்த பூமியில் பிழைப்பில்லை என்று வெளியேறியவர்கள் ஊரை விட்டுவிடவில்லை. கடையில் அன்றன்றைக்கு வரும் முதல் வாடிக்கையாளரின் பணத்தை முனியாண்டிக்கு எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பணத்தோடு ஊருக்கு வந்து, கிடாய் வெட்டி, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, விடிகாலையில் வருகிறவர் எல்லாருக்கும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. நிலம் ஊரைக் கட்டிப்போட முடியாதபோது ஒரு விருந்தின் வேலை கட்டிப்போட்டது. வெளியூர் போனவர்களும் ஊர்க்காரர்களாக நீடிக்க முடியும் என்பதற்கு வடக்கம்பட்டியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கூடி வேலை செய்யத் தெரிந்த ஊருக்குக் கூடித் தீமை செய்யவும் தெரியும். பேரையூர் வட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் ஊர்ப் பேச்சு நடத்தித்தான் ஒரு சுவர் எழுப்பப்பட்டது. தலித் மக்கள் தெருவை அடைத்து நின்ற அந்தச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதத்தில் அரசு இடித்துப் பாதை விட வேண்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதை ஏற்க மறுத்து, பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடாமல் ஊர் ஒன்றுபட்டு நின்றது. அந்த ஒற்றுமையை நாம் பாராட்ட முடியுமா? மேலூர்ப் பக்கத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு பொது வேலையைச் செய்ய முன்வந்தது மட்டுமே அவர் செய்த குற்றம்.

ஆனால் வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. 2006இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் தேர்தல் தடைபட்டிருந்த அந்த ஊர்களுக்குச் சென்று பேசினார். கட்சிகளும் இயக்கங்களும் பேசின. அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்ட கிராம சபைக் கூட்டம் நடந்தது. ஊர் மாறும். பேசினால் மாறும், சட்டம் பின்னால் நின்றால் மாறும், சேர்ந்து செய்ய ஒரு நல்ல வேலையைக் கையில் கொடுத்தால் இன்னும் வேகமாக மாறும்.

அந்த நல்ல வேலை இன்று எங்கே போயிற்று?

கண்மாய் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. மின்மோட்டார் வந்தது. விவசாய மின்சாரம் படிப்படியாக இலவசமானது. கிணறும் ஆழ்துளைக் குழாயும் உள்ளவருக்குக் கண்மாயை நம்பி இருக்க வேண்டிய தேவை குறைந்தது. வசதி உள்ளவர் முதலில் விலகினார். அவர் வீட்டு ஆள் மண்வெட்டியோடு வராதபோது மற்றவர் மட்டும் ஏன் வர வேண்டும்? கண்மாய்கள் அரசுக் கணக்கில் பிரிந்தன. நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் கோப்பு இருந்தது, ஆனால் கரையில் காவலுக்கு ஆள் இல்லை. உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டியது. வரத்துக்காலில் வீடும் கடையும் முளைத்தன.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கப்பலூர் ஒரு நாற்சந்தி. உத்தங்குடியிலிருந்து வரும் சுற்றுச்சாலை இங்கே வந்து நான்குவழிச் சாலையைத் தொடுகிறது. சிட்கோ தொழிற்பேட்டை இங்கே. பக்கத்துத் தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோப்பூர், உச்சப்பட்டியில் துணைக்கோள் நகரம். வெளியூர்க்காரர் பலருக்குக் கப்பலூர் என்றால் சுங்கச்சாவடி. நகராட்சி எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுங்கச்சாவடி அமைய வேண்டும் என்பது பொதுவிதி. திருமங்கலத்தை ஒட்டியே அது நிற்கிறதே என்று இந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். வியாபாரி, வேன் ஓட்டுநர், விவசாயி, சிட்கோ தொழிலாளி என்று தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒரு பொதுப் பிரச்சினை வந்ததும் கடையடைத்து ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். ஊர் என்கிற உணர்ச்சி செத்துவிடவில்லை. அதற்கு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது உங்களைக் கொஞ்ச நேரம் வெகுதூரம் அழைத்துப் போகிறேன். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு சின்ன கிராமம். ஒரு காலத்தில் அந்த நாட்டின் பெரும்பாலான கிராமங்களில் வேலியில்லாத பெரிய பொது வயல்கள் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் அங்கங்கே நீளமான துண்டுகள். என்ன பயிர், எந்த வயல் தரிசு என்பதை ஊர் சேர்ந்தே முடிவு செய்யும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அவர்களுடைய நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கில் சட்டம் போட்டு அந்த வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் வேலியடைத்துத் தனிச் சொத்தாக்கியது. ஏழைக் குடியானவர்கள் நகரத்து ஆலைகளுக்குப் போனார்கள். நம்முடைய புறம்போக்குக்கும் மந்தைக்கும் நடப்பதை அவர்கள் நமக்கு முன்னாலேயே அனுபவித்திருக்கிறார்கள்.

லாக்ஸ்டனில் மட்டும் அந்தப் பழைய முறை முழுதாக அழியாமல் இன்றுவரை தொடர்கிறது. மூன்று பெரிய வயல்கள். ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில் ஊராரைக் கொண்ட ஒரு நடுவர் குழு வயலுக்குள் நடந்து போகும். யார் பொதுப் பாதையில் ஏர் ஓட்டினார், யார் எல்லை தாண்டினார் என்று பார்த்து, முளைக்குச்சி அடித்து எல்லையைச் சரிசெய்யும். ஒரு வாரம் கழித்து ஊர் நீதிமன்றம் கூடும். தவறு செய்தவருக்கு ஒரு சிறு அபராதம். தொகை பெரிதில்லை, ஊர் பார்க்கிறது என்பதுதான் பெரிது. நம்முடைய நீர்பாய்ச்சியும் மடைமுறையும் செய்த வேலையும் அதேதான். அவர்கள் விடவில்லை, நாம் விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் அவர்களிடம் கற்கலாம். 1538இல் இங்கிலாந்தில் தாமஸ் குரோம்வெல்லின் ஆணைப்படி, ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள். அதனால் இன்றைக்கு ஒரு தச்சருடைய, ஒரு வேலைக்காரியுடைய வம்சத்தைக்கூட அங்கே நானூறு ஆண்டுகள் பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. நம் ஊரில் அரசர் வம்சத்துக்குச் செப்பேடு இருக்கிறது. நீர்பாய்ச்சியின் தாத்தா பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

நம்மிடமும் ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளாதாரத் துறையின் முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் அவரவர் ஊருக்குப் போய்க் குடும்பம், நிலம், கடன், கூலி எல்லாவற்றையும் கேட்டு எழுதி வரச் சொன்னார். அது 1918இல் நூலாக வந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலைபுரம் அந்த ஊர்களில் ஒன்று. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் ஆய்வு செய்தார்கள். நூறாண்டு கால மாற்றத்தை அளந்து பார்க்க இன்று அந்த ஊர்களில் முடிகிறது. அந்தப் பணியைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை இங்கிருக்கும் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, கப்பலூரின் வரலாற்றைக் கப்பலூர்க்காரர்களே எழுதுங்கள். அ-பதிவேடும் புலப்படமும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கின்றன. எந்தப் புல எண் கண்மாய், எது வரத்துக்கால், எது மந்தைப் புறம்போக்கு என்று அவை சொல்லும். பழைய பத்திரங்களும் திருவிழா வரவு செலவு நோட்டுகளும் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும். அவற்றைப் படமெடுத்து வையுங்கள். ஆலையில் வேலை பார்த்த ஐயாக்களிடமும், நாற்று நட்டுக் குலவை போட்ட அம்மாச்சிகளிடமும் உட்கார்ந்து கேளுங்கள். காலனியில் கேளுங்கள், மேலத்தெருவில் கேளுங்கள். ஒரு தெருவின் கதையை மட்டும் எழுதினால் அது ஊர் வரலாறு ஆகாது. சிட்கோ அறைகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். வடக்கம்பட்டிக்காரர் காரைக்குடிக்குப் போனதைப் போலத்தான் அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கிராம சபையைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டு போங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாமல், கூட்டத்துக்கு முன்னால் வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து கலுங்கு வரை ஊரே நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எந்த மடை பழுது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைத் தீர்மானமாகப் போடுங்கள், அடுத்த ஆண்டு அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி நடங்கள். 2017இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. நூறு நாள் வேலையில் பெண்கள் எத்தனையோ கண்மாய்களில் மண் அள்ளியிருக்கிறார்கள். பணமும் திட்டமும் வரும், போகும். எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்ல ஓர் ஊர் வேண்டும். அது இல்லாத இடத்தில் பணம் கரையைத் தொடாமலே போய்விடும். வயல் குறைந்துவிட்டதே, கண்மாய் எதற்கு என்று கேட்கலாம். வயல் குறைந்தாலும் குடிக்கிற தண்ணீர் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. கண்மாய் நிறைந்தால்தான் வீட்டுப் போரிலும் தண்ணீர் ஏறும். துணைக்கோள் நகரமும் மருத்துவமனையும் வரவிருக்கும் பகுதிக்கு அந்தத் தேவை கூடுமே தவிரக் குறையாது.

மூன்றாவது, அந்த நடையில் முன்னால் நடப்பவர் யார் என்பதைக் கவனமாகத் தீர்மானியுங்கள். நீர்பாய்ச்சியின் பேரன் பேத்திகள் முன்னால் நடக்கட்டும். மடை எங்கே இருந்தது என்ற அறிவு அந்தக் குடும்பங்களில்தான் மிச்சமிருக்கும். நூறு நாள் வேலையில் மண் சுமந்த பெண்கள் முன்னால் நடக்கட்டும். பழைய ஊர் அவர்கள் உழைப்பை வாங்கிக்கொண்டு சபையில் இடம் கொடுக்கவில்லை. புதிய ஊர் அந்தக் கடனை வட்டியோடு அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கண்மாயை மட்டும் தூர்வாரினால், பழைய குறையையும் சேர்த்தே மீட்டவர்கள் ஆவோம்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோம். தேர் ஆண்டுக்கு ஒரு நாள் நகரும். கண்மாய்க்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஒரு தலைமுறை அந்தக் கையைத் தந்ததால்தான் அடுத்த தலைமுறை இந்தக் கரிசலில் குடியிருந்தது. அந்த ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை, அது வேண்டவும் வேண்டாம். அதிலிருந்த உழைப்பை எடுத்துக்கொள்வோம், ஏற்றத்தாழ்வை விட்டுவிடுவோம். வரும் மார்ச் 22 காலையில் எந்த இடத்திலிருந்து நடக்கத் தொடங்குவது என்பதை இந்தக் கூட்டம் கலையும் முன் இங்கேயே முடிவு செய்யுங்கள். யார் நோட்டுப் புத்தகம் கொண்டுவருவது, யார் புலப்படம் வாங்கி வருவது என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.